கிளையின் போர்ட்டல் பக்கம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. கோடிங் தெரியாதவள் எங்கிருந்து தொடங்குவது?

தட்டாதெரு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிளையில் நிர்வாக உத்தியோகத்தராக இருக்கிறேன். தலைமை அலுவலகம் கொழும்பில். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள். எக்செல் நன்றாக வரும், வேர்ட் வரும், அதற்கு மேல் கணினியில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இனி ஒவ்வொரு கிளைக்கும் ஷெயார்பொயின்ற்றில் (நிறுவனங்கள் தங்கள் உள் இணையப் பக்கங்களையும் பதிவுகளையும் வைக்கும் மைக்ரோசொஃப்ற் சேவை) தனி சைற், அதை அந்தந்தக் கிளையே தன் வசதிக்கு அமைத்துக்கொள்ள வேண்டும் என்று கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் முகாமையாளர் அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டு, "நீங்கள்தானே இங்கே கம்பியூட்டரில் கெட்டிக்காரி" என்றார். எக்செல்லில் கூட்டுத்தொகை எடுக்கத் தெரிந்தால் எங்கள் கந்தோரில் அந்தப் பெயர் கிடைத்துவிடும்.

இப்போது சைற் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. மேலே பெரிய படம் ஒன்று, யாரோ வெள்ளைக்காரர்கள் மேசையைச் சுற்றியிருந்து சிரிக்கிறார்கள். கீழே "செய்திகளை இங்கே சேர்க்கவும்" என்ற மாதிரி வெற்றுப் பெட்டிகள். எங்களிடம் இருப்பதோ வாகனப் பதிவேடு, லீவுப் பதிவேடு, களஞ்சியப் பதிவேடு. எல்லாம் சி.ஆர் கொப்பியில். கள உத்தியோகத்தர்களில் பாதிப்பேர் நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் திரிகிறவர்கள். அவர்கள் கையில் இருப்பது போன்தான், மடிக்கணினி இல்லை.

யூரியூப்பில் தேடினால் ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு திரை. ஒருவர் மேலே வேர்ட் மாதிரிப் பட்டை இருக்கும் பக்கத்தைக் காட்டுகிறார், எனக்கு அது வரவே இல்லை. இன்னொருவர் டிசைனர் என்று ஒரு மென்பொருளை இறக்கச் சொல்கிறார். மூன்றாமவர் ஸ்கிரிப்ட்டை வெட்டிப் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறார். எது எனக்கு உரியது என்றே விளங்கவில்லை.

நான் கோடிங் படிக்கத்தான் வேண்டுமா? முதலில் எதைச் செய்து பழகுவது? எல்லாவற்றையும் தமிழில் வைத்தால் ஏதும் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கச்சேரியடி

மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன் அக்கா. கொஞ்சமாவது கோடிங் தெரிந்திருப்பது நல்லது. எச்.ரி.எம்.எல், சி.எஸ்.எஸ் அடிப்படை, பிறகு ஜாவாஸ்கிரிப்ட், அதன்பின் ஷெயார்பொயின்ற்றுக்கென்று இருக்கும் எஸ்.பி.எஃப்.எக்ஸ் என்ற நிரல் எழுதும் முறை. இந்த வரிசையில் போனால் நீங்கள் நினைக்கிற எந்த வடிவத்தையும் கொண்டுவரலாம். வேலைகள் தானாக நடக்க பவர் ஓட்டமேற், படிவம் செய்ய பவர் அப்ஸ். மைக்ரோசொஃப்ற் லேர்ன் தளத்தில் எல்லாம் இலவசம்.

---

வடலி

தங்கச்சி, நானும் உங்களைப் போல நிர்வாகப் பகுதிதான். கோடிங்கில் ஒரு வரி தெரியாது, எங்கள் போர்ட்டல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கச்சேரியடித் தம்பி சொன்ன வரிசை அவருடைய தொழிலுக்குச் சரி. உங்களுக்கு இப்போதைக்கு அதில் ஒன்றுமே வேண்டாம்.

முதலில் அந்த வீடியோக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஷெயார்பொயின்ற் 2001 இல் வந்த சாமான். பெயர் அதேதான், உள்ளே எத்தனையோ தரம் மாறிவிட்டது. நீங்கள் இப்போது பார்க்கும் புதிய வகைப் பக்கங்கள் 2016 அளவில்தான் வரத் தொடங்கின. பழைய வகைப் பக்கங்களைக் காட்டும் வீடியோக்களில்தான் அந்த வேர்ட் மாதிரிப் பட்டை தெரியும். அதைக் கண்டால் வீடியோவை மூடிவிடுங்கள், எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும். டிசைனர் மென்பொருளுக்கு 2013 பதிப்புத்தான் கடைசி, அதன்பின் மைக்ரோசொஃப்ற் புதிதாக ஒன்றும் விடவில்லை. ஸ்கிரிப்ட் ஒட்டுவதும் பழைய பக்கங்களின் வித்தை. புதிய பக்கத்தில் அதை ஒட்டுவதற்கு இடமே தரமாட்டார்கள். ஆக உங்களைப் பயமுறுத்திய மூன்றும் உங்களுக்கு உரியவை அல்ல.

இரண்டாவது, பக்கத்தில் கை வைக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். படம் மாற்றுவது, நிறம் மாற்றுவது, கிளையின் வரலாறு எழுதுவது. பக்கம் பளபளவென்று வரும், முகாமையாளர் பார்த்துத் தலையாட்டுவார், அதன்பின் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அங்கே போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் மனிசர் வருவார்கள். அந்த வேலை உங்கள் சி.ஆர் கொப்பிகளில் கிடக்கிறது. ஒரு கொப்பியை எடுங்கள், ஒன்றே ஒன்று. என்னைக் கேட்டால் வாகனப் பதிவேடு. அதில்தான் தினமும் எழுதுகிறார்கள், தினமும் யாரோ ஒருவர் "வாகனம் எங்கே நிற்கிறது" என்று கேட்கிறார்.

கொப்பியில் என்ன தலைப்புகள் இருக்கும்? திகதி, வாகனம், சாரதி, போகுமிடம், காரணம், புறப்படும் மீற்றர், திரும்பிய மீற்றர், ஒப்பம். இதை ஷெயார்பொயின்ற்றில் ஒரு லிஸ்ற், அதாவது எல்லோரும் பதியக்கூடிய ஓர் அட்டவணை, ஆக்குவதுதான் உங்கள் முதல் பாடம். ஒவ்வொரு தலைப்புக்கும் கொலம் போடும்போது அது என்ன வகை என்று கேட்கும். தொண்ணூறு வீதப் படிப்பு அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்பேன். திகதிக்குத் திகதி வகை, மீற்றருக்கு எண் வகை, சாரதிக்கு ஆள் வகை; இதெல்லாம் சுகம். போகுமிடத்தில்தான் கவனம். வெறும் எழுத்து வகையாக விட்டால் ஒருவர் நெடுந்தீவு என்பார், ஒருவர் நெ.தீவு என்பார், கொழும்பிலிருந்து வந்தவர் டெல்ஃப்ற் என்பார். மாத முடிவில் நெடுந்தீவுக்கு எத்தனை ஓட்டம் என்று தேடினால் மூன்றும் மூன்று ஊராக நிற்கும். தெரிவு வகையாக வைத்து நீங்களே ஊர்களைப் போட்டுவிடுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வாகனம், அங்கிருந்து படகு என்றால் இரண்டையும் தனித்தனிக் கொலமாக வையுங்கள். படகுக் காசு வேறு வவுச்சரில் போகிறது அல்லவா.

ஒப்பத்துக்குக் கொலம் வேண்டாம். யார் எப்போது பதிந்தார், யார் கடைசியாக மாற்றினார் என்பதை லிஸ்ற் தானே எழுதிக்கொள்ளும். லிஸ்ற் செற்றிங்ஸில் வேர்ஷனிங் ஒன் செய்திருந்தால் மாற்றுவதற்கு முன் என்ன இருந்தது என்பதும் தெரியும். மீற்றரைத் திருத்தி எழுதிவிட்டு மேலே மை பூசுகிற பழக்கம் எங்கள் இடத்தில் இதோடு நின்றுபோனது.

ஓடிய தூரத்துக்குக் கணிப்பு வகைக் கொலம். எக்செல் சூத்திரம்தான், திரும்பியதிலிருந்து புறப்பட்டதைக் கழிப்பது. வாகனம் இன்னும் வராவிட்டால் கழித்தல் குறியோடு ஒரு பெரிய எண் வந்து நிற்கும். அங்கேயும் எக்செல்லில் போடுகிற அதே இஃப் வேலை செய்யும். உங்களுக்கு எக்செல் வரும் என்பது எவ்வளவு பெரிய முதல் என்று இந்த இடத்தில் விளங்கும்.

தமிழில் வைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது. லிஸ்ற்றுக்கும் கொலத்துக்கும் முதலில் ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர், இடைவெளி இல்லாமல் வைத்துச் சேமியுங்கள். பிறகு தமிழுக்கு மாற்றுங்கள். நீங்கள் முதன்முதல் வைக்கும் பெயரிலிருந்து ஷெயார்பொயின்ற் உள்ளுக்குள் ஒரு பெயர் எடுத்துக்கொள்ளும். வெளிப்பெயரை எத்தனை தரம் மாற்றினாலும் உள்பெயர் மாறாது. முதலே தமிழில் வைத்தால் ஒவ்வொரு எழுத்துக் குறியையும் ஏழு இடம் பிடிக்கும் ஒரு குறியீடாக மாற்றும். உள்பெயருக்கு 32 இடம்தான். "புறப்படும் மீற்றர்" என்பதில் பாதிச் சொல்லுக்கே இடம் காணாது. இன்றைக்கு இது உங்களைக் கடிக்காது. நாளைக்கு நிறம் போடவோ, பவர் ஓட்டமேற் பக்கம் போகவோ வெளிக்கிடும்போது அந்தக் குறியீட்டுக் காட்டுக்குள் நின்று எது எந்தக் கொலம் என்று தேடுவீர்கள். லிஸ்ற்றின் இணைப்பு முகவரியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் தொடங்கினால் வட்ஸ்அப்பில் அனுப்பக் கட்டையாக இருக்கும்.

லிஸ்ற்றோடு கூடவே வரும் "ரைற்றில்" என்ற கொலத்தை அழிக்கமுடியாது, மல்லுக்கட்ட வேண்டாம். அதன் வெளிப்பெயரை "பயணக் காரணம்" என்று மாற்றிப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வியூ. ஒரே லிஸ்ற்றைப் பல விதமாகக் காட்டுவது. "இன்றைய ஓட்டம்" என்று ஒன்று, அதில் திகதி இன்றைக்குச் சமம் என்று வடிகட்டி. வடிகட்டிப் பெட்டியில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் ருடே, அதாவது [Today], என்று எழுதினால் அது தினமும் தானாக மாறும். அதே மாதிரி மீ, அதாவது [Me], என்று எழுதினால் பார்க்கிறவருடைய பதிவுகள் மட்டும் வரும். "வெளியில் நிற்பவை" என்று இன்னொன்று, திரும்பிய மீற்றர் வெறுமையாக இருப்பவை. கணக்காளருக்கு வாகன வாரியாகத் தொகுத்த ஒன்று. கொப்பியால் செய்யமுடியாத வேலை இதுதான். முகாமையாளரிடம் இதை மட்டும் காட்டுங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.

இது ஓடத் தொடங்கிய பிறகு பக்கத்துக்கு வாருங்கள். அந்தச் சிரிக்கிற வெள்ளைக்காரர் பெட்டியை முழுதாக நீக்குங்கள். போனில் அது ஒரு முழுத் திரையைத் தின்றுவிடும். அந்த இடத்தில் குயிக் லிங்க்ஸ் என்ற வெப் பார்ட் (பக்கத்தில் சேர்க்கும் பெட்டி), பட்டன் வடிவில். பட்டனில் "வாகனப் பதிவேடு" என்று எழுதாமல் ஆட்கள் உங்கள் மேசைக்கு வந்து எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே எழுதுங்கள்: "வாகனம் வேண்டும்", "லீவு போட", "லெட்டர்ஹெட் எங்கே". கணினியில் அருகருகே வைத்த பெட்டிகள் போனில் ஒன்றின்கீழ் ஒன்றாக விழும், இடப்பக்கத்தது மேலே. ஆகவே முக்கியமானது இடப்பக்கம். எடிற் செய்து முடித்ததும் பப்ளிஷ் அழுத்தும்வரை மற்றவர்களுக்குப் பழையதுதான் தெரியும். "நான் மாற்றினேன், அவருக்குத் தெரியவில்லையாம்" என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இதுதான்.

---

பண்ணைக்காற்று

எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் யார் பாவிக்கப் போகிறார்கள்? எங்கள் கந்தோரிலும் இப்படி ஒன்று கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் வட்ஸ்அப் குறூப்புக்கே திரும்பிவிட்டார்கள். சாரதி அண்ணை கண்ணாடியைப் போட்டு போனைத் திறந்து, கடவுச்சொல் அடித்து, மீற்றர் பதிவார் என்று நம்புகிறீர்களா? ஒரு கூகிள் ஷீற் போதும்.

---

வடலி

பண்ணைக்காற்று, சாரதி பதிய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. இவ்வளவு நாளும் கொப்பியில் எழுதியது யார்? வரவேற்பு மேசையில் இருப்பவர். அவரே இதிலும் பதிவார், சாரதி மீற்றரைச் சொன்னால் போதும். யார் என்ன வேலை செய்தார்களோ அதை மாற்றாமல் கொப்பியை மட்டும் மாற்றுவதுதான் புத்தி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றப் போனால்தான் குழம்பும்.

வட்ஸ்அப்போடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். குறூப்பில் யாராவது "வாகனம் நிற்கிறதா" என்று கேட்டால் பதிலாக "வெளியில் நிற்பவை" வியூவின் இணைப்பை மட்டும் போடுங்கள், வேறு ஒரு சொல்லும் எழுதாமல். கொஞ்ச நாளில் கேட்கிறவருக்கே அலுத்து நேரே போய்ப் பார்ப்பார். இணைப்பைக் குறூப் விவரணத்திலும் ஒட்டிவிடுங்கள்.

கூகிள் ஷீற் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் தங்கச்சியின் தலைமை அலுவலகம் கணக்குகளெல்லாம் மைக்ரோசொஃப்ற்றில் வைத்திருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அங்கேயே அவருடைய அனுமதியும் போய்விடும். தனிப்பட்ட ஜிமெயிலில் தொடங்கிய ஷீற் அந்த ஆளோடு கனடாவுக்குப் போய்விடும், யாழ்ப்பாணத்தில் இது வெறும் கற்பனை இல்லை.

---

தட்டாதெரு

வடலி அக்கா, மிக்க நன்றி. வாகன லிஸ்ற்றைச் செய்துவிட்டேன். ஆங்கிலப் பெயர் முதலில், பிறகு தமிழ். "வெளியில் நிற்பவை" வியூவைப் பார்த்த முகாமையாளர் களஞ்சியத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்கிறார்.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, காலையில் பதிந்த ஓட்டம் முதல் நாள் இரவு பதிந்ததாகக் காட்டுகிறது. திகதியும் மாதம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு. ஏப்ரல் 3 என்று போட்டதை எங்கள் கணக்காளர் மார்ச் 4 என்று வாசித்துவிட்டு என்னோடு வாதாடுகிறார். "இன்றைய ஓட்டம்" காலையில் வெறுமையாகவே நிற்கிறது.

மற்றது களஞ்சியம். பழைய பொருள் விவரம் ஒரு எக்செல் கோப்பில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கிறது. போர்ட்டலில் ஏற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எழுத்துருவை மாற்ற அங்கே இடமும் காணோம். திரும்ப அடிப்பதென்றால் பொங்கல் வந்துவிடும்.

---

வடலி

முதலாவது நேர வலயம். சைற் உருவாக்கும்போது யாரும் பார்க்காமல் விட்டால் அது அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் நிற்கும். எங்களுக்குக் காலை 9 மணி என்றால் அங்கே முந்திய நாள் இரவு. அதுதான் உங்கள் "இன்றைய ஓட்டம்" பட்டினி கிடக்கிறது. சைற் செற்றிங்ஸில் ரீஜனல் செற்றிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நேர வலயத்தில் ஐந்தரை மணிநேரம் கூட்டிய வரிகளில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சென்னை, டெல்லி என்று இருக்கும் வரியும் அதே நேரம்தான். அதே பக்கத்தில் லொக்கேல் என்பதை அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றினால் நாள் முன்னுக்கு வரும், கணக்காளரும் ஆறுவார். ஏற்கெனவே பதிந்தவை கெட்டுப்போகவில்லை. காட்டுகிற நேரம்தான் பிழையாக இருந்தது, தானாகச் சரியாகும். ஆனால் மாதமும் நாளும் மாறி யாராவது கையால் அடித்திருந்தால் அது அவர்கள் அடித்தபடிதான் நிற்கும். அதை மட்டும் கொப்பியோடு வைத்து ஒருதரம் பாருங்கள்.

எக்செல்லில் இருந்து ஏற்றும்போது இன்னொன்று. எங்கள் ஆட்கள் திகதியைப் புள்ளி வைத்து 03.04.2024 என்று எழுதுவார்கள். எக்செல் அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கக்கூடும். கலத்தில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அது எழுத்து, வலப்பக்கம் நின்றால் திகதி. டேற்றா மெனுவில் ரெக்ஸ்ற் ரு கொலம்ஸ் என்பதைத் திறந்து, கடைசிப் படியில் நாள்-மாதம்-வருடம் என்ற ஒழுங்கைக் கொடுத்தால் ஒரே அடியில் மாறிவிடும். ஏற்றுவதற்கு முன் தரவை ரேபிள் ஆக்கியிருக்க வேண்டும், வெறும் கட்டங்களை லிஸ்ற் ஏற்காது.

பாமினிக்கு வருவோம். நாங்களெல்லாம் அதில்தான் தட்டச்சுப் பழகினோம், அதனால் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பாமினியில் நீங்கள் "அம்மா" என்று பார்ப்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதற்கு மேலே தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. போர்ட்டல் எழுத்துருவை எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஆகவே முகமூடி கழன்றுவிடுகிறது. தேடலும் வேலை செய்யாது. "கடதாசி" என்று ஒருவர் யூனிகோட்டில் (இப்போது போனும் கணினியும் தமிழுக்குப் பாவிக்கும் பொது எழுத்து முறை) தேடினால் உள்ளே அப்படி ஒரு சொல்லே இல்லை.

திரும்ப அடிக்க வேண்டாம். பாமினியை யூனிகோட்டாக மாற்றித் தரும் இலவசத் தளங்கள் இணையத்தில் இருக்கின்றன. கோப்பை முழுதாகப் போடாமல் தமிழ்க் கொலத்தை மட்டும் பிரதி செய்து, மாற்றி, எக்செல்லில் பக்கத்துக் கொலத்தில் ஒட்டுங்கள். பழையதை உடனே அழிக்காதீர்கள். "ஏ4 தாள்" மாதிரி ஒரே கலத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால் அந்த ஆங்கில எழுத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அப்படியானவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். பென்டிரைவ், ரோனர், ஏ4, இப்படிக் களஞ்சியத்தில் கலப்புப் பெயர்கள் நிறைய இருக்கும், பொறுமை வேண்டும். ஆட்களின் தனிப்பட்ட விவரம் உள்ள கோப்பை இந்தத் தளங்களில் ஒட்டாதீர்கள். பொருள் பட்டியல் என்றபடியால் பரவாயில்லை.

களஞ்சியத்தில் ஒரு விஷயம் முன்கூட்டியே. வாகன லிஸ்ற் மெதுவாக வளரும், களஞ்சிய வரவு செலவு வேகமாக வளரும். ஒரு வியூ 5000 பதிவுகளுக்கு மேல் தேட வேண்டி வந்தால் ஷெயார்பொயின்ற் முரண்டு பிடிக்கும். லிஸ்ற்றுக்குள் இதைவிட எத்தனையோ மடங்கு இருக்கலாம், ஒரே மூச்சில் பார்ப்பதற்குத்தான் அந்த வரம்பு. இப்போதே திகதிக் கொலத்துக்கும் பொருள் வகைக் கொலத்துக்கும் லிஸ்ற் செற்றிங்ஸில் இன்டெக்ஸ் (தேடலைச் சுலபமாக்கும் சுட்டி) போட்டுவிடுங்கள்.

---

கச்சேரியடி

வடலி அக்கா சொன்ன உள்பெயர் விஷயத்துக்கு நான் ஆயிரம் லைக் போடுவேன். முழுக்கத் தமிழ்க் கொலத்தோடு ஒரு லிஸ்ற்றைப் பவர் ஓட்டமேற்றில் கொண்டுவந்து தரும்போது எங்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அனுமதி. சைற்றில் ஓனர், மெம்பர், விசிற்றர் என்று மூன்று குழு இருக்கும். எல்லோரையும் மெம்பர் ஆக்கிவிடுவதுதான் வழக்கம். ஆனால் மெம்பருக்கு இயல்பாகக் கிடைக்கிற எடிற் என்ற அனுமதியில் பதிவுகளை மட்டுமல்ல, முழு லிஸ்ற்றையே அழிக்கலாம். போனில் விரல் தவறிப் பட்டால் போதும். அதைக் கொன்ரிபியூற் என்ற நிலைக்கு இறக்கினால் பதிவு போடலாம், திருத்தலாம், லிஸ்ற்றை அழிக்கமுடியாது. உங்கள் சைற் ரீம்ஸ் குழுவோடு சேர்ந்தது என்றால் இதைக் கொழும்பு ஐ.ரி ஆட்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தவறி ஏதாவது அழிந்தாலும் 93 நாள் வரைக்கும் ரீசைக்கிள் பின்னில் இருக்கும். ஒருவர் பதறிக்கொண்டு வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இன்னொன்று, வியூவில் மறைத்தால் அது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். "என்னுடைய லீவு" என்று ஒரு வியூ வைத்தாலும், வியூவை மாற்றத் தெரிந்தவர் எல்லோருடையதையும் பார்ப்பார். ஒவ்வொருவரும் தன் பதிவை மட்டுமே பார்க்க வேண்டும் என்றால் லிஸ்ற்றின் அட்வான்ஸ்ட் செற்றிங்ஸில் அதற்கென்றே தெரிவு இருக்கிறது. பொறுப்பாளருக்கு அப்போதும் எல்லாம் தெரியும். வைத்தபிறகு ஒரு சாதாரண மெம்பரின் கணக்கில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். உங்கள் கணக்கில் பார்த்தால் எதுவுமே மறையாது.

---

தட்டாதெரு

நேரம் சரியாகிவிட்டது, கணக்காளரும் சமாதானம். அனுமதி பற்றிக் கொழும்புக்கு எழுதியிருக்கிறேன், நன்றி தம்பி.

கடைசியாக லீவு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்களுக்குப் பெரிய தலையிடி. தேர், தீர்த்தம் இரண்டுக்கும் எல்லோரும் லீவு கேட்பார்கள், யார் முதலில் கேட்டது என்று சண்டை. யார் யார் எந்த நாளில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் கச்சேரியடித் தம்பி சொன்னபடி மற்றவர் பதிவு தெரியாமல் வைத்தால் அது முடியாதே? காரணக் கொலத்தில் மருத்துவ விஷயமெல்லாம் எழுதுவார்கள், அதை எல்லோரும் பார்க்கவும் கூடாது.

---

வடலி

காரணக் கொலத்தையே எடுத்துவிடுங்கள். யார், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, முழுநாளா அரைநாளா, அனுமதி கிடைத்ததா, இவ்வளவும் போதும். இவை எல்லோரும் பார்க்கக்கூடியவை. காரணமும் மருத்துவச் சான்றிதழும் இப்போது போகிற மாதிரியே கடித உறையில் முகாமையாளரிடம் போகட்டும். கொப்பியில் இருந்தது என்பதற்காக எல்லாவற்றையும் போர்ட்டலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இல்லை. முகாமையாளர் கட்டாயம் வேண்டும் என்றால் அவருக்கு மட்டும் திறக்கிற தனி லிஸ்ற் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படி வைத்தால் கலண்டர் வியூ போடலாம். புதிய வியூ உருவாக்கும்போது கலண்டர் என்று தெரிவு செய்து, தொடக்க நாள், முடிவு நாள் இரண்டுக்கும் உங்கள் கொலங்களைக் கொடுங்கள். இரண்டும் நேரம் இல்லாத, திகதி மட்டும் உள்ள கொலமாக இருக்கட்டும். தேர் நாள் பெட்டிக்குள் பெயர்கள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்தால் பாதிப்பேர் தாங்களே பின்வாங்குவார்கள். யார் முதலில் கேட்டது என்ற வழக்குக்கு "கிரியேற்றட்" என்ற கொலத்தை வியூவில் காட்டுங்கள். நாளும் நேரமும் அதில் இருக்கும், லிஸ்ற்றில் வைத்து ஒருவராலும் திருத்தமுடியாது. புதிய கோரிக்கை வந்தால் முகாமையாளருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்றால் லிஸ்ற்றின் மேலே ஓட்டமேற் என்பதில் ரூல் ஒன்று வைக்கலாம். வாக்கியத்தில் வெற்றிடம் நிரப்புகிற மாதிரித்தான் கேட்கும், கோடிங் கிடையாது.

கொடியேற முன்னம் இன்னொரு வேலை: சைற்றின் ஓனர் குழுவில் உங்களோடு இன்னொருவரைச் சேர்த்து, வியூ மாற்றவும் ரீசைக்கிள் பின்னில் இருந்து எடுக்கவும் காட்டிக்கொடுங்கள். நீங்களும் தேருக்கு லீவு போடுவீர்கள்தானே.

---

தட்டாதெரு

போட்டாகிவிட்டது அக்கா, லிஸ்ற்றில் முதல் பதிவே என்னுடையதுதான். வரவேற்பு மேசைத் தங்கச்சியை ஓனர் ஆக்குகிறேன்.